முன் பம்பரில் நின்ற மச்சான்

படப்பைப் பக்கம் ஒரு செடிப் பண்ணையில் மினி டிராக்டர் ஓட்டுகிறேன். ஏரியோரக் கிணற்றில் தண்ணீர் பிடித்து, டேங்கரை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறிப் பண்ணைக்கு வர வேண்டும். வண்டி பழையதாக வாங்கியது. முன்னால் மாட்டுகிற இரும்பு வெயிட்டுகள் அதனோடு வரவில்லை. டேங்கர் நிறைந்திருந்தால் பின்பாரம் இழுக்கும். சரிவில் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும். ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஓர் ஆளை முன் பம்பரில் ஏற்றி நிறுத்துவார்கள். அன்று ஏறியவன் என் மனைவியின் தம்பி. பண்ணையில் என்னோடுதான் வேலை. நல்ல கனமான ஆள்.

"இன்னா மாமா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? அதான் நான் கீறேன்ல, வெயிட்டுக்கு வெயிட்டு!"

பண்ணை ஓனர் சரிவின் மேலிருந்து கத்தினார். "ஏத்துய்யா, செடி காயுது!"

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கியர் போட்டேன். பாதிச் சரிவில் முன்பக்கம் அவனோடு சேர்ந்தே எழுந்தது. அவன் பானெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சக்கரம் தடாலென்று இறங்கியதும் சிரித்தான். ஒரு செருப்பு கீழே விழுந்து கிடந்தது.

மெதுவாகப் பின்னுக்கு இறக்கி இன்ஜினை அணைத்தேன்.

"எறங்குடா."

"இன்னா மாமா நீ..."

"உன்ன வச்சிகினு ஏற மாட்டேன். எறங்கு."

"இந்த பயத்த வச்சிகினு எதுக்குய்யா டிரைவர் வேலை?" என்றார் ஓனர்.

சிமெண்ட் சாக்குகளில் மணல் அள்ளி, பம்பரில் கயிறு போட்டுக் கட்டினேன். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே பிடித்துக் கொடுத்தான். பிறகு சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தான்.

அதே இடம். முன்பக்கம் எழுந்து விழுந்தது. கயிறு அறுந்து ஒரு மூட்டை நழுவியது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் இடது சக்கரம் அதன்மேல் ஏறிவிட்டது. சாக்கு கிழிந்து மணல் சரிந்தது.

மச்சான் பின் சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து மூட்டையைப் பார்த்தான். அவன் காலில் இன்னும் ஒரு செருப்புதான் இருந்தது.

ஓனர் இறங்கி வந்தார். பாரம் குறைய டேங்கர் வால்வைத் திறந்துவிட்டார்.

"மாமா, கல்லு வச்சிட்டேன். கால எடு," என்றான் மச்சான்.

"நீ மொதல்ல தள்ளி நில்லுடா."

அவன் தள்ளி நின்றான். அப்படியும், தண்ணீர் முழுவதும் சரிவில் ஓடி முடிகிறவரை நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.