செத்தவள் உரித்த வெங்காயம்

எங்க வீட்டுக்காரரை இந்தக் குடியிருப்புல இப்போ "வெங்காயம்"னுதான் கூப்பிடுறாங்க. நேர்ல இல்ல, முதுகுக்குப் பின்னாடி. நேத்து ரெண்டாவது மாடி அம்மா என்கிட்டயே வந்து, "உங்க வெங்காயம் வேலைக்குப் போயாச்சா?"ன்னு கேட்டுட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, தைக்கக் கொடுத்த துணியை அப்படியே அவங்க கையில திணிச்சு அனுப்பிட்டேன். சிரிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு என்ன நடந்ததுன்னே தெரியாது. தெரிஞ்ச மீதிப் பேருக்கு வெட்கம் கிடையாது. அதனால நானே சொல்லிடறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்க குடியிருப்புல ஆறு கட்டடம், ஆறு லிஃப்ட். ஆறையும் பாத்துக்கிறது அவர் ஒருத்தர்தான். கையைச் சோப்புப் போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் நக இடுக்குல கிரீஸ் போகாது. அந்தக் கையாலதான் புத்தகம் படிப்பார். சாதாரணப் புத்தகம்னா பரவாயில்ல. தலையணைக்குப் பதிலா வெச்சுத் தூங்கலாம், அவ்வளவு தடி நாவல். ஒரு வாக்கியம் இந்தப் பக்கத்துல ஆரம்பிச்சா அடுத்த பக்கத்துல முடியும். யார் பேசுறாங்கன்னே தெரியாது. "புரியுதாங்க?"ன்னு கேட்டா, "புரியலன்னா குறை நம்மகிட்ட. இன்னொரு தடவை படிக்கணும்"பார். மொட்டை மாடி மெஷின் ரூம்ல, உதிரி பாகம் வரக் காத்திருக்கிற நேரமெல்லாம் படிச்சுப் படிச்சே இந்தப் பைத்தியம் பிடிச்சது.

அவருக்குக் கூட்டு ரெண்டு பேர். ஆறாவது மாடி டீச்சர், கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவங்க, தனியா இருக்காங்க. மூணாவது மாடி போஸ்ட்மாஸ்டர், அவரும் ஓய்வுதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா மூணு பேரும் எங்க முன்னறையில உக்காந்துடுவாங்க. ஓரத்துல என் தையல் மெஷின் ஓடும். நான் படிக்கிறவ இல்ல, ஆனா காது இருக்கே. அவங்களுக்கு ஒரே ஒரு சட்டம். கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்காம ஒரு புத்தகத்தைப் பத்தி நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது. சட்டம் போட்டது எங்க வீட்டுக்காரர்.

போன வருஷம் பழைய புத்தகக் கடையில எண்ணூறு பக்கத்துல ஒண்ணைத் தூக்கிட்டு வந்தார். ஒரே பிரதி, மூணு பேர் படிக்கணும். கீழ் ஓரம் பூரா ஈரத்துல ஊறிப் பூசணம் பிடிச்சிருந்தது. அச்சகத்துல கொடுத்து அந்த ஓரத்தை வெட்டியாச்சு. பக்க எண்ணும் அதோட போச்சு. அந்த எழுத்தாளர் அத்தியாயத்துக்கு நம்பரும் போடல, தலைப்பும் போடல. அப்புறம் புத்தகத்தை அத்தியாயம் பார்த்து ஆறு கட்டாப் பிரிச்சார். நான் ஒவ்வொரு கட்டுக்கும் தடிநூல் போட்டுத் தைச்சுக் கொடுத்தேன். தைச்சதையெல்லாம் மேஜையில அடுக்கி, சிவப்புப் பென்சிலால ஒண்ணு, ரெண்டுன்னு எழுதினது அவர். ஒருத்தர் முடிச்ச கட்டு அடுத்தவருக்குப் போகும்.

கதையில ஒரு படகுத்துறை அதிகாரி. அவர் பொண்டாட்டி மூணாவது கட்டுல செத்துப்போறா. அடக்கமெல்லாம் நடக்குது. நாலாவது கட்டைத் திறந்தா, அதே பொண்டாட்டி அடுப்படியில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா! மூணு பேரும் அசந்துபோயிட்டாங்க. "மரணத்துக்கு அப்புறமும் வீட்டு வேலை தீரலைன்னு சொல்றார் பாருங்க"ன்னு டீச்சர். "புருஷனோட நினைப்புல அவ இன்னும் உசுரோட இருக்கா"ன்னு போஸ்ட்மாஸ்டர். ஆறு கட்டையும் முடிச்சப்புறம் ஆறு ஞாயிறு இதே பேச்சு. ஏழாவது ஞாயிறு எங்க வீட்டுக்காரர் நாலு பக்கக் கட்டுரை எழுதி, நோட்டீஸ் போர்டுல ஒட்டினார். "செத்தவள் உரித்த வெங்காயம்"னு தலைப்பு. குடியிருப்பே நின்னு படிச்சுது. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் கை குலுக்கினார். எங்க வீட்டுக்காரர் முகத்துல அப்படி ஒரு பூரிப்பை எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பாக்கல.

இப்போ செகரட்டரி கதைக்கு வரேன். நினைச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. குடியிருப்போர் சங்கத்துக்குப் பத்து வருஷமா அவர்தான் செகரட்டரி. வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு, எல்லாப் பொம்பளைங்களும் தங்கச்சி. மேஜைக்கு எந்தக் காகிதம் வந்தாலும் "பார்த்தேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவார். கண்ணு அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது.

எங்க கட்டடத்து லிஃப்டுக்குக் கம்பிக் கயிறு மாத்தணும், இழை அறுந்து முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு நிக்குது, பிரேக்கும் தேஞ்சுபோச்சுன்னு எங்க வீட்டுக்காரர் மூணு பக்கம் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். "பார்த்தேன்." கையெழுத்து. இருபது நாள் கழிச்சு, டீச்சர் காய்கறிப் பையோட உள்ள நிக்கும்போது, லிஃப்ட் முதல் மாடியிலிருந்து சறுக்கி டமார்னு கீழ இடிச்சு நின்னுது. டீச்சருக்கு இடது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சுபோச்சு. செகரட்டரி ஓடி வந்து என்ன சொன்னார் தெரியுமா? "அடடா, எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!" நான் பக்கத்துலதான் நின்னேன். எங்க வீட்டுக்காரர் குனிஞ்சு டீச்சரை வெளிய தூக்கிக்கிட்டு இருந்தார்.

அதுக்கப்புறம் பிரேக்கை மட்டும் மாத்தினாங்க. கயிறு பழசு அப்படியே. "ஓட்டலாம்"னு செகரட்டரி கையெழுத்துப் போட்டுட்டார். லிஃப்ட் சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, ஆனா செகரட்டரி கையெழுத்து இல்லாம லிஃப்டை நிறுத்தி வைக்க இவருக்கு அதிகாரம் இல்ல. டீச்சரால படி இறங்க முடியாது, அந்த லிஃப்டுல ஏறவும் மாட்டேன்னுட்டாங்க. ஆறாவது மாடியில அடைஞ்சு கிடந்தாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் அவங்க கட்டில் பக்கத்துக்கு மாறிச்சு.

இந்த லட்சணத்துல செகரட்டரி கவுன்சிலர் தேர்தலுக்கு நின்னார். ஜெயிச்சா ஊர்ல இருக்கிற லிஃப்ட், படிக்கட்டு, பாலம் எல்லாத்தோட பாதுகாப்புக் காகிதமும் அவர் மேஜைக்குத்தான் போகும்.

"தகுதி இருக்கா இல்லையா?" டீச்சர் கட்டில்ல சாஞ்சுக்கிட்டே ஆரம்பிச்சாங்க.

"நல்லது கெட்டதுக்கு முதல் ஆளா வந்து நிக்கிறார். தண்ணிக் குழாய் யார் போட்டுக் கொடுத்தது?" இது போஸ்ட்மாஸ்டர்.

"என் காலைப் பாருங்க, அப்புறம் குழாயைப் பத்திப் பேசலாம்."

ரெண்டு பேரும் எங்க வீட்டுக்காரரைப் பாத்தாங்க. அவர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "ஒரு மனுஷனையும் முழுசாப் படிக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது"ன்னார். நான் சட்டைக்குப் பித்தான் வெச்சுக்கிட்டிருந்தேன், ஊசி விரல்ல ஏறிடுச்சு. "ஏங்க, அந்த ஆள் என்ன நாவலா? பத்து வருஷமாக் கண்ணு முன்னாடி நிக்கிறார், இன்னும் என்ன பக்கம் பாக்கி?"ன்னு கத்திட்டேன்.

அடுத்த ஞாயிறு செகரட்டரியே டீச்சர் வீட்டுக்கு வந்தார், போட்டோக்காரரோட. கையில அதே நாவல், புத்தம் புதுசு, பளபளன்னு. "உங்க கட்டுரையைப் படிச்ச வேகத்துல வாங்கி, பத்தே நாள்ல முடிச்சிட்டேன். செத்துப்போன பொண்டாட்டி திரும்பி வந்து வெங்காயம் உரிக்கிறா பாருங்க, அந்த இடத்துல அழுதுட்டேன் சார். என்ன எழுத்து!" சொல்லிட்டுப் புத்தகத்தை டீச்சருக்குப் பரிசாக் கொடுத்து, பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டார்.

எங்க வீட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. எண்ணூறு பக்கம் படிச்ச மனுஷன்! "அப்படியே நம்ம தேர்தல் கூட்டத்துல நாலு வார்த்தை பேசிடுங்க சார்"ன்னு செகரட்டரி கேட்டதும் தலையை ஆட்டிட்டார். நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் காலையில டீச்சர் போன் பண்ணினாங்க. "உடனே மேல வாங்க." படுத்த படுக்கையில வேற என்ன வேலை, புதுப் பிரதியை முதல்லேர்ந்து படிச்சிருக்காங்க. அதுல எல்லாப் பக்கத்துக்கும் எண் இருக்கு. அந்தப் பொண்டாட்டி முன்னூத்து அஞ்சாம் பக்கத்துல வெங்காயம் உரிக்கிறா. நானூத்துப் பத்தாம் பக்கத்துல சாகுறா. அவ்வளவுதான். செத்தவ யாரும் திரும்பி வரல. எங்க வீட்டுக்காரர் சிவப்புப் பென்சிலால மூணை நாலுன்னும் நாலை மூணுன்னும் எழுதித் தொலைச்சிருக்கார். மூணு பேர் ஆறு ஞாயிறு உக்காந்து வியந்தது அந்தப் பென்சிலைத்தான்.

கீழ இறங்கி வந்தவர் முகத்துல ஈயாடல. விஷயத்தைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவரைப் பாத்ததும் அடங்கிடுச்சு. "அப்போ செகரட்டரி அழுதது?"ன்னு கேட்டேன்.

"நோட்டீஸ் போர்டைப் பாத்து."

உண்மையைச் சொல்லிடறேன், அன்னிக்கு நானும் கோழைதான். "உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் படுத்துடுங்க. டீச்சர் வாயைத் திறக்க மாட்டாங்க, கட்டுரை பாட்டுக்கு இருக்கட்டும்"னேன். அவர் அந்த ஆறு கட்டையும் எடுத்து, நூலைப் பிரிச்சு, வரிசையா வெச்சு, திரும்பத் தைச்சுத் தரச் சொன்னார். தைச்சுக் கொடுத்தேன்.

கூட்டம் முற்றத்துல. நூறு பேருக்கு மேல. எங்க வீட்டுக்காரர் மைக்கைப் பிடிச்சார்.

"நோட்டீஸ் போர்டுல நான் எழுதினது தப்பு"ன்னு ஆரம்பிச்சார். "அந்தக் கதையில செத்தவ திரும்பி வரல. பிரிச்ச கட்டை நான்தான் மாத்தி அடுக்கிட்டேன். உரிச்சது முன்னாடி, செத்தது பின்னாடி." கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. அவர் காத்திருந்தார். "சிரிங்க, சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனா செகரட்டரி சார் வாங்கினது புதுப் புத்தகம். அதுல எல்லாம் வரிசையா இருக்கு. அதைப் படிச்சவர், செத்தவ வந்து வெங்காயம் உரிச்சான்னு சொல்லவே முடியாது. என் லிஃப்ட் ரிப்போர்ட்டையும் அவர் இப்படித்தான் பார்த்தார். நான் தப்பாப் படிச்சவன், ஒத்துக்கறேன். அவர் படிக்கவே இல்ல. ஊர்க் காகிதம் அத்தனையும் அவர்கிட்டதான் போகப் போகுது. யோசிச்சு ஓட்டுப் போடுங்க."

சிரிப்பு நின்னுபோச்சு. நான் நம்பிட்டேன், பாவி. செகரட்டரி அதே சிரிப்போட மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா? ஒரு புத்தகத்தையே ஒழுங்கா அடுக்கத் தெரியாதவர் கையிலதான் நம்ம உசுரைக் கொடுத்து லிஃப்டுல ஏறிக்கிட்டு இருக்கோம்!" அதுக்குப் பறந்துச்சு பாருங்க கைதட்டு! போஸ்ட்மாஸ்டரும் தட்டினார். மூணாவது வரிசையில, ரெண்டு கையாலயும்.

செகரட்டரி ஜெயிச்சார். எங்க வீட்டுக்காரர் வெங்காயம் ஆனார். கட்டுரையை அவரே போர்டுலேர்ந்து எடுத்துட்டு, அந்த இடத்துல "பிழைக்கு வருந்துகிறேன்"னு ஒரு சீட்டு ஒட்டினார். அதுமேல யாரோ ஒரு வெங்காயத்தை வரைஞ்சு வெச்சிருந்தாங்க. தப்பை ஒத்துக்கிட்டவருக்கு இந்தப் பட்டம், ஒத்துக்காதவருக்குக் கவுன்சிலர் பதவி. வயிறு எரியாம என்ன செய்யும்?

ஜெயிச்ச மறுவாரம், கவுன்சிலர் நன்றி சொல்ல எங்க கட்டடத்துக்கு வந்தார். டீச்சரோட ஒரு படம் வேணுமாம். அன்னிக்குக் காலையில அந்த மூணு பக்க ரிப்போர்ட்டோட நகலை லிஃப்ட் கதவு பக்கத்துல, கண்ணு உயரத்துக்கு வரிசையா நான்தான் ஒட்டினேன். எங்க வீட்டுக்காரர் ஒட்டினதையெல்லாம் வாட்ச்மேன் ஏற்கனவே நாலு தடவை கிழிச்சிருந்தார். "இதைத் தொட்டா தெரியும் சேதி"ன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு, கத்தரிக்கோலோட அங்கயே நின்னேன். இவரும் டூல்ஸ் பெட்டியோட ஓரமா நின்னார்.

கவுன்சிலர் பட்டனை அழுத்தினார். லிஃப்ட் வர நேரமாச்சு. சும்மா நின்னவர் கண்ணு முதல் பக்கத்துல விழுந்துச்சு. அறுந்த இழை எத்தனைன்னு கணக்குப் போட்டிருந்த இடம். உதடு அசையுது. ரெண்டாவது பக்கத்துக்கு நகர்ந்தார். மூணாவது பக்கத்துல விரலை வெச்சு வரி வரியாப் போனார். கடைசி வரி வரைக்கும் போனார், சத்தியமாச் சொல்றேன்.

லிஃப்ட் வந்து கதவு திறந்துச்சு. "ஏறுங்க சார்"னார் போட்டோக்காரர்.

"டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார்." சொல்லிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பிட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்துச்சோ, "டீச்சரும் ஏழு மாசமா நடந்துதான் இறங்கணும்னு இருக்காங்க சார்! காலைத்தான் ஊன்ற முடியல!"ன்னு கத்தினேன். கட்டடம் பூரா கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பாக்காம ஏறிக்கிட்டே இருந்தார்.

புதுக் கயிறு எட்டாம் நாள் வந்துச்சு. டீச்சருக்கு ஏழு மாசமா வராத கயிறு. எங்க வீட்டுக்காரர் பூட்டி முடிச்சு, மணல் மூட்டை ஏத்திச் சோதிச்சு, டீச்சரைச் சக்கர நாற்காலியோட கீழ கூட்டிட்டு வந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பழைய ரிப்போர்ட்டைக் கோப்புல வைக்க எடுத்தார். கடைசிப் பக்கத்துல "பார்த்தேன்"னு அந்தக் கையெழுத்து. காதுல செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, அதுக்குக் கீழ, அந்தப் படிக்கட்டு ஏறின தேதியைப் போட்டு, "படித்தார்"னு எழுதினார்.