மாறிப்போன மின் அட்டை

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றது. மூச்சிரைப்பில் தவித்த என் மகளுக்கு அப்போதுதான் நெபுலைசர் வைத்திருந்தேன்.

வெளியே ஓடினால், லைன்மேன் கம்பத்தில் எங்கள் ஃப்யூஸைப் பிடுங்கியிருந்தார். "ரெண்டு பில்லு பாக்கி இருக்குதும்மா" என்றார். தவறாமல் கட்டிய ரசீதுகளைக் காட்டினேன்.

"இன்னாம்மா, இது பக்கத்து மீட்டரு நம்பராச்சே!"

பக்கத்து வீடு என் கொழுந்தனுடையது. செஞ்சியில் எங்கள் குடும்பப் பொது வீட்டை நடுவே சுவர் வைத்துப் பிரித்தோம். பேரூராட்சியில் சொத்து வரியைத் தனித்தனியாக்கியபோது பெயரையும் எண்ணையும் இருமுறை சரிபார்த்த நான், மின் அட்டையின் எண்ணைப் பார்க்கவே இல்லை. அட்டைகள் மாறி, அவர் பில்லை நான் கட்டியிருக்கிறேன்; என் பில் கட்டாமலே கிடந்திருக்கிறது. இரு வீட்டுக்கும் பேச்சும் இல்லை.

உள்ளே மகளின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. நான் அலறியதைக் கேட்டு, லைன்மேன் மீண்டும் கம்பத்தடிக்கு ஓடி ஃப்யூஸை மாட்டினார்; நெபுலைசர் ஓட, மகளுக்கு மூச்சு திரும்பியது.

இப்போதெல்லாம் எந்தப் பில்லானாலும் அதன் எண்ணை மீட்டரோடு ஒப்பிட்ட பிறகே கட்டுகிறேன். ஆனால் அன்று என் அலறல் கேட்டு, தன் வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்துத் தர மதிலேறிக் குதித்து, கையில் ஒயரோடு வந்து நின்ற கொழுந்தன் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை.

"எம் பில்லை நீங்க கட்டறது தெரியும் அண்ணி. நீங்களா வந்து கேக்கட்டும்னுதான் சும்மா இருந்துட்டேன்."