மாதாவிடம் நான் பிணங்கியிருந்த செவ்வாய்க்கிழமை

பதினோரு நாளாகியும் தோணி வரவில்லை. நம் தேவமாதாவின் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்த நன்மையை இந்த ஒரு வரியில்தான் தொடங்க முடியும். ஏனென்றால் அந்தத் தோணியில் இருந்தவர் என் கணவர் சூசை.

1958 மே மாதம். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். கல்யாணமான நாளிலிருந்து குடியிருப்பு கொச்சியில், மட்டாஞ்சேரியில். நான் ஒரு சரக்குக் கிட்டங்கியில் சுக்கு துடைத்துத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தேன். அவர் தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவரும் பாய்த்தோணியில் ஆறு பேரில் ஒருவராக வேலை பார்த்தார். குமரிமுனையைச் சுற்றி வந்து சேர, காற்று நன்றாக இருந்தால் ஐந்து நாள், முரண்டு பிடித்தால் ஏழு நாள். மழை தொடங்கிவிட்டால் தோணி ஓடாது. அதற்கு முன் இதுதான் கடைசி நடை என்று சொல்லிவிட்டுப் போனார். தோணி புறப்பட்ட மூன்றாம் நாளே கடல் கெட்டது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இந்த இடத்தில் கிரேஸ் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த வீடு. நாகர்கோவில் பக்கம், சீர்திருத்த சபை. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் அவர்களைப் பதிதர், வழி தவறியவர்கள், என்போம். அவர்கள் எங்களைச் சிலைக்காரர்கள் என்பார்கள். தினமும் காலையில் தெருக்குழாயடியில் எங்கள் இரண்டு பேருக்கும் மாதாவைப் பற்றி வாதம் நடக்கும். ஒரு நாள் வாதம் இல்லாவிட்டால் எனக்குச் சாயா குடிக்காதது போல இருக்கும்.

"ஏட்டி புஷ்பம், ஜெபமாலையில ஒரே ஜெபத்த அம்பத்து மூணு தடவ சொன்னாத்தான் மரியாளம்மாவுக்குக் காது கேக்குமா?" என்பார் டீச்சர்.

"ஒங்க மவன் அம்மா அம்மான்னு நூறு தடவ கூப்பிடுதானே டீச்சர், ஒங்களுக்குக் காது கேக்காமலா?" என்பேன் நான்.

"நடுவுல நிக்கது ஒருத்தர்தான், இயேசு கிறிஸ்து. அவரு பக்கத்துல இன்னொரு ஆள எதுக்கு நிறுத்துதிய?"

"நிறுத்தல டீச்சர். நாங்க கும்பிடுறது சர்வேசுரன மட்டுந்தான். அம்மாட்ட சொல்லி மகங்கிட்ட கேக்கச் சொல்லுதோம். அவ்வளவுதான்."

வரிசையில் நிற்கும் மலையாளத்துப் பெண்கள் "மதி சேச்சி, மதி", போதும் அக்கா என்று குடத்தை முன்னால் தள்ளும் வரை விட மாட்டோம். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வாய் ஜெயித்தது உண்மை. சொன்னதில் பாதிகூட எனக்கே விளங்கியிருக்கவில்லை என்பது தோணி வராத அந்த நாட்களில்தான் தெரிந்தது.

மே மாதம் மாதாவுக்கு வணக்கமாதம். தினமும் சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். எட்டாம் நாள் என் உயரத்துக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். ஒன்பதாம் நாள் ஒரு வருடம் தலையில் பூ வைப்பதில்லை என்றேன். பத்தாம் நாள் வெறுங்காலோடு தூத்துக்குடி மாதா கோவிலுக்கு வருகிறேன் என்றேன். சந்தையில் பேரம் பேசுவது போல ஒவ்வொரு நாளும் ஏற்றிக்கொண்டே போனேன். பதில் இல்லை.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை. ஆலப்புழைக் கரையில் ஒரு பாய்மரத் துண்டு ஒதுங்கியிருப்பதாகக் கிட்டங்கியில் பேச்சு வந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுக்கைப் போட்டது போட்டபடி எழுந்து வீட்டுக்கு வந்தேன். உச்சி வெயில். கதவைச் சாத்தினேன். எங்கள் கடற்கரையில் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கிடைக்கவில்லை என்றால் வீட்டு மாடத்தில் இருக்கும் மாதா சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார்கள். நானும் அதைச் செய்தேன்.

"பன்னெண்டு வயசுல காணாமப்போன ஒங்க மகன நீங்க மூணு நாள்தான் தேடுனீய. நான் பதினோரு நாளாத் தேடுதேன்" என்று கத்தினேன். அன்று செபமாலையைத் தொடவில்லை. உலையும் வைக்கவில்லை. செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலையில் குழாயடிக்கு நான் போகாததைப் பார்த்து டீச்சர் கஞ்சியோடு வந்தார். வந்ததும் மாடத்தைப் பார்த்தார். மாதாவின் முதுகு தெரிந்தது. சரி, இன்றைக்கு நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கஞ்சியைக் குடிக்க வைத்தார். பிறகுதான் கேட்டார்.

"கோவிக்காத புஷ்பம். நாங்க கும்பிடல, எங்களுக்காகக் கேக்கத்தான் சொல்லுதோம்னு எத்தன நாள் எங்கிட்ட வாதாடிருக்க. அப்ப, ஒனக்காகக் கேட்டவங்க மேல என்னட்டி கோவம்? குடுக்கவரு மேலல்லா கோவம் வரணும்?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கோவில் சாமியார் ஞாயிறுதோறும் சொல்லியும் என் காதில் ஏறாதது, ஒரு பதிதர் கேட்டபோது நேராக உள்ளே போய்விட்டது! காற்றையும் கடலையும் மாதா கையில் வைத்திருக்கிறார், மெழுகுதிரி கொடுத்தால் விடுவார் என்றல்லவா நான் நடந்துகொண்டிருந்தேன். டீச்சர் இத்தனை வருடம் எதைக் குற்றம் என்று சொன்னாரோ, அதையேதான் வீட்டுக்குள் செய்திருக்கிறேன்.

அழுதுகொண்டே டீச்சர் கையைப் பிடித்தேன். "டீச்சர், நீங்க எனக்காக வேண்டிக்கிடுங்க. ஒங்க சபையிலயும் சொல்லுங்க."

சொல்லி வாயை மூடவில்லை. எனக்குள் இருந்த வாதக்காரி எழுந்துவிட்டாள். "நடுவுல ஒருத்தர்தானே டீச்சர்? பெறகு ஒங்ககிட்ட நான் எப்பிடிக் கேக்கலாம்?"

டீச்சர் திகைத்துவிட்டார். "ஏட்டி, நான் உசுரோட இருக்கேன்."

"மாதா மட்டும்? பரலோகத்துல உசுரோடதான இருக்காக!"

புருஷனைக் கடலில் விட்டவளுக்கு என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த அழுகைக்கு நடுவில் இரண்டு பேரும் சிரித்தோம். "அத அப்பறம் பேசுவோம். மொதல்ல முழங்கால் போடு" என்றார் டீச்சர்.

நான் மாதாவைத் திருப்பி வைத்து மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் கண்ணை மூடி, அவர்கள் வழக்கப்படி, சொந்த வார்த்தையில் ஆண்டவரிடம் பேசினார். நான் பேரம் பேசவில்லை. "அம்மா, என் வீட்டுக்காரர் வரவில்லை. உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவர் எது செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். கடைசி வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்பது சர்வேசுரனுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். உப்பு வியாபாரி ராவுத்தர் தலையில் தொப்பிகூட இல்லாமல் கிட்டங்கிக்குள் ஓடி வந்தார். "மோளே, தந்தி! கொல்லத்திலிருந்து! ஆறு பேரும் சுகமா உண்டு!" என்றார். அந்தத் தந்தியை நான் படிக்கவில்லை. எனக்குப் படிக்கவும் தெரியாது. சுக்குத் தூசி ஒட்டிய கையோடு தெருவில் ஓடினேன். நேரே பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து, "டீச்சர், கெடச்சிட்டாக!" என்று கத்தினேன். டீச்சர் பிள்ளைகள் முன்னாலேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நான் தரையில் முழங்கால் போட்டு, சேசுவே ஸ்தோத்திரம், மாதாவே ஸ்தோத்திரம் என்று மாறி மாறிச் சொன்னேன்.

சனிக்கிழமை அவர் வந்தார். தாடியும் எலும்புமாக என் சூசை! ஓடிப்போய் உலை வைத்தேன். கஞ்சி குடித்துக்கொண்டே அவர் நடந்ததைச் சொன்னார். டீச்சரும் இருந்தார். குமரிமுனை தாண்டியதும் பாய்மரம் முறிந்துவிட்டது. கடல் இழுத்த பக்கம் போனார்கள். கிழிந்த பாயில் மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். கடைசியில் கொல்லத்து மீன்பிடி வள்ளம் ஒன்று கண்டு, மறுநாள் கரை சேர்த்தது.

"வள்ளம் கண்டது என்னைக்கு?" என்றேன்.

"செவ்வாக்கெழம. நல்ல உச்சி நேரம்."

நாங்கள் முழங்கால் போட்டது புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை உச்சியில்தான் நான் மாதாவைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்! அப்படியானால் அந்த நேரத்தில் எனக்காகக் கேட்டது யார்? டீச்சரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"திட்டாத புஷ்பம். தோணி தவறிப்போச்சுன்னு தெரிஞ்ச மொத ஞாயித்துக்கெழமையே எங்க சபையில சூசைக்காக ஜெபிக்கச் சொல்லிட்டேன். எங்காளுக தெனமும் ஜெபிச்சாவ."

"நான் ஒங்ககிட்ட கேக்கவே இல்லியே டீச்சர்!"

"கேட்டாத்தான் செய்யணுமா? அடுத்த வீடுல்லா?"

அப்போது எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது பாருங்கள், இன்றைக்கும் நினைத்தால் குதிக்க வேண்டும் போல இருக்கிறது. "டீச்சர்! கானாவூர்க் கல்யாணத்துல திராட்சரசம் தீந்துபோச்சே, மாதாகிட்ட போயி யாரு கேட்டா?"

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரும் கேக்கல. அவங்களே பாத்தாங்க. அவங்களே போயி மகங்கிட்ட சொன்னாங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று முதல் தடவையாக எனக்குத் தோன்றவில்லை. மாதா எப்படிப்பட்டவர் என்பதை, மாதாவிடம் வேண்டாத ஒரு பெண்தான் எனக்குச் செய்து காட்டியிருந்தார்.

டீச்சர் நம் திருச்சபைக்கு வரவில்லை. செபமாலையைக் கையில் எடுத்ததும் இல்லை. இன்றைக்கு எட்டு வருடம் ஆகிறது, வாதமும் நிற்கவில்லை. ஆனால் நான் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். காலையில் குழாயடியில் நிற்கும்போது ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். வாடியிருக்கும் முகத்தின் பெயரை, அவளுக்கே தெரியாமல், மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் குடத்தை எடுக்கிறேன்.

இதைக் கேட்கும் உங்கள் வீட்டிலும் வர வேண்டியவர் வராமல் இருக்கலாம். செபமே வராத அளவுக்கு மனம் கசந்திருக்கலாம். பயப்படாதீர்கள். நீங்கள் பிணங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்திலும் உங்களுக்காகக் கேட்க ஒரு தாய் இருக்கிறாள், கொடுக்க அவள் மகன் இருக்கிறார். நம்புங்கள். நம்பினால் இன்றைக்கே அடுத்த வீட்டுக்காக முழங்கால் போடுங்கள். அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.