இருட்டறைப் பாடம்

வீட்டிலிருந்தபடியே புகைப்படக்கலை கற்கலாம் என்று ஒரு மாத இதழ் பாடம் பாடமாக வெளியிட்டு வந்தது. எழுதியவர் ஸ்ரீரங்கத்துப் பக்கம் வந்ததில்லை என்பது முதல் பாடத்திலேயே தெரிந்துவிட்டது. ஒளியும் நிழலும் பழக, மேசைமேல் ஒரு கோழிமுட்டையை வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். எங்கள் தெருவில் முட்டை வாங்கி வந்தால் நான் வீடு மாற வேண்டியிருக்கும். காந்தி மார்க்கெட்டில் வெள்ளைக் கத்திரிக்காய் வாங்கி, காம்பைக் கிள்ளிவிட்டு எடுத்தேன்.

அப்போது நான் ஒரு சென்னைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். முழுநேர வேலை கேட்டு எழுதியதற்கு, செய்தியோடு படமும் அனுப்பத் தெரிந்தவரைத்தான் எடுப்போம் என்று பதில் வந்திருந்தது. அந்த ஆடியில் காவிரி கரை மீறியது. ஜீயபுரத்தில் வாழைத்தோப்புக்குள் வெள்ளம். இலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. ஒரு பிலிம் சுருளை அங்கேயே தீர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டுடியோ மூடியிருந்தது. நெகட்டிவ் அன்றிரவு ரயிலில் போனால்தான் செய்தியோடு சேரும். நானே கழுவுவது என்று முடிவு செய்தேன்.

பிலிம் கழுவும் பாடம் தெளிவாகத்தான் இருந்தது. பொட்டு வெளிச்சமும் கூடாத அறையில் பாடத்தையும் கடிகாரத்தையும் எப்படிப் பார்ப்பது என்று மட்டும் அதில் இல்லை. சாயங்காலம் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மனைவி வெளியே இதழோடும் கடிகாரத்தோடும் உட்கார்ந்தாள்.

"பிலிமின் இரு முனைகளையும் பிடித்து, மருந்தில் தோயுமாறு மேலும் கீழும் ஆட்டவும்" என்று படித்தாள்.

"ஆட்டிண்டுதான் இருக்கேன். எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"அவசரப்படாதேங்கோ. நிதானம் தேவைன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு."

"அது எனக்குத் தெரியும். நிமிஷத்தைச் சொல்லு."

தெருவில் நாகஸ்வரம் கேட்டது.

"ஏன்னா, பெருமாள் எழுந்தருளிட்டார்! பழத்தட்டைக் காட்டிட்டு இதோ வந்துடறேன். நீங்க ஆட்டிண்டே இருங்கோ."

"மணியையாவது சொல்லிட்டுப் போயேன்!"

அவள் காலடி ஓசை வாசல்பக்கம் போய்விட்டது. இரண்டு கையிலும் பிலிம். கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படம் போய்விடும். மருந்திலிருந்து முன்கூட்டியே எடுத்தால் உருவம் தேறாது; நேரம் கடந்தால் பிலிம் கறுத்துப்போகும். மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். வாசலில் மேளம் தனித் தாளத்தில் போனது. என் கணக்கு அதோடு போய்விட்டது. பெருமாளுக்குப் பின்னால் வரும் வேத கோஷ்டி கடக்கும்வரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"சேவிச்சாச்சு. கழுவி முடிச்சேளா?" என்றாள் கதவுக்கு வெளியே.

"நீதான் சொல்லணும்."

இதழின் பக்கம் புரளும் ஓசை கேட்டது. பிறகு சற்று மெதுவாகச் சொன்னாள்: "அடடா, அப்பவே எடுத்திருக்கணுமே."

மிச்சச் சடங்கையும் முடித்துவிட்டு விளக்கைப் போட்டேன். பிலிம் முழுவதும் கரிக்கட்டை. பல்பின்முன் பிடித்துப் பார்த்ததில் வாழையும் இல்லை, வெள்ளமும் இல்லை.

செய்தி மட்டும் ரயில் ஏறியது. உள்பக்கத்தில் ஒரு துண்டாக வந்தது. முழுநேர வேலை, படம் அனுப்பிய வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த மாத இதழில் ஒரு குறிப்பு: 'சென்ற பாடத்தை மனப்பாடம் செய்து, வெளிச்சத்தில் பலமுறை பழகிய பின்னரே இருட்டறைக்குள் செல்லவும்.'

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இதைப் போன மாசமே போட்டிருந்தா என்னவாம் அந்த மனுஷனுக்கு?" என்று கேட்டுவிட்டு, அரிசி களைய உள்ளே போய்விட்டாள்.