தெரியாது என்று எழுதியிருந்த புத்தகம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். வீட்டில் அம்மா படுத்த படுக்கை. புதிதாக எதையும் படிக்கத் தெம்பில்லை. நான் படித்த காலத்து வானிலைப் புத்தகம் ஒன்றுதான் துணை, தொடக்க மாணவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதியது. கழன்ற அட்டையைக் கோந்து போட்டு ஒட்டியிருந்தேன்.

ஓர் ஐப்பசியில் காலையிலிருந்தே காற்று ஏறிக்கொண்டு வந்தது. மத்தியானம் பள்ளியை விட்டுவிட்டார்கள். குடை விரிக்க முடியாமல் வராந்தாவில் நின்றபோது, என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய் நனைந்தபடி வந்தாள். மீன் விற்கிறவள்.

“டீச்சரம்மா, எங்க வூட்டுக்காரரு விடிகாலைல கட்டுமரத்துல போனவரு, இன்னும் வர்ல. காத்தப் பத்தி உங்க புக்குல எல்லாம் கீதுன்னு பொண்ணு சொல்லுது. பாத்துச் சொல்லுங்கம்மா.”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் இடப்பக்கம் இருக்கும் என்று போட்டிருந்தது. இருவரும் நின்று பார்த்தோம். இடப்பக்கம் கடல்.

“அப்ப கடல்லதான் கீது. இங்க வருமா, வேற எங்கனா பூடுமா?”

அடுத்த பத்தியில், ஓரிடத்தில் நின்று அதைச் சொல்ல முடியாது, நமக்கு இன்னும் சரியாகத் தெரியாது என்றிருந்தது. தயங்கித்தான் சொன்னேன்.

“எழுதினவருக்கே தெரியாதா?”

“தெரியாதுன்னுதாம்மா எழுதியிருக்கார்.”

“காலைலேர்ந்து ஆளாளுக்கு வந்துடுவாரு வந்துடுவாருன்னு சொல்லி பேஜாரா பூட்ச்சும்மா. நீங்களாவது உள்ளத சொன்னீங்க.” பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் நடக்கத் தெம்பில்லை. மழை விடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் கணவர் கரையோரமாக நடந்தே வந்து சேர்ந்தார். தெற்கே எங்கோ ஒதுங்கியிருக்கிறார். கட்டுமரம் போய்விட்டது. பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். பெண்ணின் படிப்பு நின்றது. கூப்பிடப் போனேன். “இன்னா பண்றது டீச்சரம்மா, கூடை தூக்க ஆளு வேணுமே” என்றாள் தாய்.

அடுத்த வருஷம் புதுப் பாடப்புத்தகம் வந்தது. படங்கள் அழகு. புயல் அரைப் பக்கத்தில் உருவாகி, நகர்ந்து, கரையைக் கடந்துவிட்டது. தெரியாதது என்று எதுவும் இல்லை. பரீட்சைக்கு அது போதும்தான். ஆனாலும் புயல் பாடம் வந்தால் பழையதையும் எடுத்துப்போவேன்.

பள்ளியைப் பார்க்க வந்த ஆய்வாளர் அம்மாள் ஒருமுறை கேட்டார்: “பாடத்தில் இல்லாததை எதுக்குச் சொல்றீங்க?”

“கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைங்கம்மா” என்றேன். அதற்குமேல் விளக்கத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குப் போனேன்.