ஆறாவது பேட்டரி

எங்கள் வீட்டில் எல்லாப் பயமும் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில்தான் ஆரம்பிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு செய்தி வரும்: நாளைக்கு மஞ்சள் சார்ட் பேப்பர், இந்திய மேப் இரண்டு, பஞ்சு, ஐஸ் குச்சி கொண்டு வரவும். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் குடியிருப்பவனுக்கு, பௌர்ணமி அன்றைக்கு அந்தச் செய்தி வந்தால் அவ்வளவுதான். கிரிவலக் கூட்டம் ரோட்டை நிரப்பிவிடும், வண்டி எடுக்க முடியாது, கடைகளில் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும்தான் கிடைக்கும். மகள் இரண்டாவது படிக்கும்போது ஒரு பௌர்ணமிக்குச் சார்ட் பேப்பர் தேடி அலைந்து, கடைசியில் ஒரு பாக்கெட் ஊதுவத்தியோடு வீடு திரும்பினேன். மறுநாள் அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள்.

இனி அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் ஓர் அரிசி மில்லில் ஸ்டோர் கீப்பர். போல்ட், நட்டு எதுவும் என் நோட்டில் ஏறாமல் வெளியே போகாது. அந்த வித்தையை வீட்டிலும் இறக்கினேன். பீரோவுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி. மேல் தட்டில் சார்ட், பிரவுன் ஷீட், மேப். நடுவில் பழைய பிஸ்கட் டப்பாக்களில் பசை, கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா. கீழ்த்தட்டில் மாடல் செய்கிற சாமான்கள். ஒவ்வொரு டப்பாவிலும் லேபிள். கதவில் நூல் கட்டித் தொங்கவிட்ட நோட்டில், யார் எதை எடுத்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“இது வீடா, உங்க மில்லு குடோனா? ஒரு ரப்பருக்குக் கையெழுத்தா?” என்பாள் மனைவி.

சிரித்துக்கொள்வேன். ஆனால் நோட்டு விஷயத்தில் எனக்கு விளையாட்டே கிடையாது. ஒரு முறை மகள் எழுதாமல் காம்பஸை எடுத்துப்போய்ப் பள்ளியில் தொலைத்துவிட்டு வந்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ‘எழுதாமல் எடுக்க மாட்டேன்’ என்று ஐம்பது தடவை எழுத வைத்தேன். அதற்குப் பிறகு நோட்டு ஒழுங்காக நிரம்பியது. என் முறை வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை.

போன வருஷம், அவள் நாலாவது படிக்கும்போது நடந்தது இது. சனிக்கிழமை, பௌர்ணமி. ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று மில்லில் மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் அலமாரியின் கதவு திறந்து கிடக்கிறது. ஒன்றரை வயது மகன் தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறான். சட்டையின் முன்பக்கமெல்லாம் எச்சில். அவனைச் சுற்றி, மகளின் சயின்ஸ் மாடலுக்கு வாங்கி வைத்த குட்டி பல்புகள், ஒயர், பட்டன் பேட்டரிகள். மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பேட்டரிகளைப் பொறுக்கினேன். ஐந்து. பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். பாயை உதறினேன். மகனின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஐந்துதான். நோட்டைத் திறந்தேன்: பட்டன் பேட்டரி, ஆறு. எடுத்ததாக ஒரு வரியும் இல்லை.

சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து மகள் வந்து நின்றாள். “நீ எடுத்தியா?” என்று கத்தினேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

என் நோட்டில் ஆறு என்றால் ஆறுதான். அப்படியானால் ஆறாவது என் பிள்ளைக்குள் இருக்கிறது. பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் உள்ளே புண்ணாகி ஓட்டையே விழுந்துவிடும் என்று எப்போதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அதைப் பார்த்த பிறகும் வாங்கி, லேபிள் ஒட்டி, குழந்தைக்கு எட்டுகிற தட்டில் வைத்தவன் நான். மனைவியைக் கத்திக் கூப்பிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். அந்த வீட்டில் அதுவரை அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை.

தெருமுனையில் பக்தர்களுக்காகப் போட்டிருந்த முதலுதவிப் பந்தலுக்கு ஓடினோம். அங்கிருந்த நர்ஸ் கேட்டுவிட்டு, “குடிக்க ஒண்ணும் குடுக்காதீங்க. எக்ஸ்ரே எடுத்தாதான் தெரியும். ஆம்புலன்ஸ் இப்பதான் ஒருத்தர ஏத்திகினு போச்சு, வர லேட்டாகும்” என்றாள். ஆஸ்பத்திரி டவுனில் இருக்கிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மனைவியும் மகளும் பின்னால்.

டவுனிலிருந்து மொத்தக் கூட்டமும் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் மலையை வலம் வருகிறார்கள். நாங்கள் நாலு பேர் மட்டும் எதிரில் போகிறோம். “குழந்தைய வெச்சிகினு இடமா வராங்க பாரு” என்று ஒரு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. இதையெல்லாம் பெரிதாக நினைக்காதவன்தான் நான். அன்று அதுவும் பயமாக இருந்தது. மலையைப் பார்த்து, அப்பனே, எதிரில் வந்ததைக் கணக்கில் வைக்காதே என்று வேண்டிக்கொண்டேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுப்பா.”

நான் நடையை எட்டிப் போட்டேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், “அப்பா, தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுப்பா.” மகன் தோளில் மறுபடி இருமினான். ஒவ்வொரு இருமலுக்கும் என் உயிர் போய் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் தடுப்பை நகர்த்தி வழி விட்டார். அங்கே வைத்து மூன்றாவது முறையாக, “அப்பா, அவன்...” என்று ஆரம்பித்தாள்.

“வாய மூடிகினு வா!” என்று கத்தினேன். அவள் என் சட்டையை விட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் மகனை உள்ளே கொண்டுபோனார்கள். அவன் அலறுவது மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது. நான் சுவரில் சாய்ந்து, மகளுக்கு முன்னால், வாய் விட்டு அழுதேன். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “தொண்டை, நெஞ்சு, வயிறு, எங்கயும் எதுவும் இல்ல. பல்லு வருது, அதான் எச்சில். கொஞ்சம் சளி இருக்குது. பயப்படாம கூட்டிகினு போங்க.”

மனைவி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்ததும் என் வாயில் முதலில் என்ன வந்தது தெரியுமா? “அப்ப அந்த ஆறாவது எங்க போச்சு?” ஸ்டோர் கீப்பர் புத்தி எங்கே போகும்?

மகள் விசும்ப ஆரம்பித்தாள். “ஃப்ரெண்டு மாடல்ல லைட் எரியலப்பா. வியாழக்கிழமை ஒண்ணு எடுத்துகினு போய் குடுத்துட்டேன். நோட்டுல எழுத மறந்துட்டேன்.”

“தம்பி முழுங்கலன்னு தெரிஞ்சுமா சும்மா வந்த? ஏன் சொல்லல?”

“வீட்ல கேட்டப்ப பயமா இருந்துச்சு. வழியில சொல்லத்தாம்பா வந்தேன். நீங்க வாய மூடிகினு வான்னீங்க.”

ஆறுதல் சொல்கிறாள் என்று நான் நினைத்தது ஆறுதலே இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள். படத்தில் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, அந்தப் பெஞ்சின் பக்கத்தில்தான் நிஜமான பயம் என்னைப் பிடித்தது. இதுவே மாற்றி நடந்திருந்தால்? நோட்டில் ஐந்து என்றே இருந்து, அவன் விழுங்கியதை அவள் கண்ணால் பார்த்திருந்து, என் சத்தத்துக்குப் பயந்து, இல்லை என்று தலையை ஆட்டியிருந்தால்? நான் அவனுக்கு இருமல் மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருப்பேன்.

“அப்பா, வீட்டுக்குப் போனதும் நோட்டுல எழுதிடட்டுமா?” என்றாள்.

வேண்டாம் என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பும்போது கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

பேட்டரி டப்பா இப்போது பரண்மேல் இருக்கிறது. அலமாரியில் நோட்டு இல்லை, நூல் மட்டும் தொங்குகிறது. ஸ்கெட்ச் பேனாக்கள் தொலைகின்றன, பசை மூடியில்லாமல் காய்கிறது, எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது. ஆனால் மகள் “அப்பா...” என்று கூப்பிட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்தினாள் என்றால், அந்தச் செங்கம் ரோட்டுப் பயம் அப்படியே திரும்பி வந்துவிடும். கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லும்மா” என்பேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகுதான் சொல்வாள்.