ஒரே சுரம் வாசித்த நிரோஜனுக்கு நன்றி

ஸ்கொட்லாந்து நாட்டார் பாட்டு ஒன்றை இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என்று எங்கள் நால்வருக்கும் நானே பிரித்து எழுதியிருந்தேன். அதைப் பள்ளிக்கூடக் கச்சேரியில் சேர்ப்பதா என்று, இசை மிஸ் இன்று நாங்கள் வாசிக்கக் கேட்டுவிட்டுச் சொல்வதாக இருந்தது.

செலோ வாசிக்கும் நிரோஜன் போன கிழமை என் மட்டன் றோலைத் தின்றவன். ஆகவே முழுப் பாட்டுக்கும் அவனுக்கு ஒரே ஒரு சுரம்தான் எழுதினேன்.

“டேய், உதென்ன? உதை என்ர தம்பியே வாசிப்பான்!”

“என்ர றோலை நீ திண்டாய், உன்ர செலோ றோலை நான் திண்டன். சரிதானே மச்சான்?”

மிஸ்ஸுக்கு முன்னால், பாட்டின் நடுவில் நான் வாசிக்கும் இடத்தைத் தவறவிட்டேன். மற்ற இருவரும் என்னோடு சேர்ந்து தடுமாறினார்கள். நிரோஜன் மட்டும் அந்தச் சுரத்தை விடாமல் இழுத்தபடி, கண்ணாலேயே “வா” என்றான். அதைப் பிடித்துக்கொண்டு மூவரும் திரும்பி வந்தோம்.

ஸ்கொட்லாந்துப் பாக்பைப் வாத்தியத்தைப் போல அடியில் ஓயாமல் ஒரு சுரம், இது யாருடைய யோசனை என்று மிஸ் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் நிரோஜன் என்னைக் காட்டினான். “இவன்தான் மிஸ், நல்லா யோசிச்சு எழுதினவன்.”

பாட்டு கச்சேரியில் சேர்ந்துவிட்டது.

நாளை அவனுக்கு இரண்டு றோல் வாங்கப் போகிறேன். ஒன்றுக்குள் மட்டும் பச்சை மிளகாய் கொஞ்சம் கூட வைப்பேன். எங்கள் மில்லிக்கன் பக்கம் றோலுக்கு எந்தக் கடை நல்லது, சொல்லுங்கோ.